தாய்ப்பால், ஓபியாய்டு மருந்து, குழந்தையின் மூளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்ப்பால் ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால் இந்தச் சந்தேகங்கள் ஏதாவது ஒரு ரூபத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிப்பேர் பயந்துபோய் பாலையே நிறுத்திவிட்டு வருகிறார்கள், மீதிப்பேர் "டாக்டர் எழுதினதுதானே" என்று எதையும் கவனிக்காமல் இருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கான முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள், இதைப் படித்துவிட்டுப் போனால் அவரிடம் என்ன கேட்பது என்றாவது தெரியும்.

ஓபியாய்டுன்னா போதை மருந்துதானே? நான் சாப்பிடுற வலி மாத்திரையும் அதுல வருமா?

வரலாம். அபினிலிருந்து வந்த மருந்துகளும், அவற்றைப் போலவே வேலை செய்யும் வலி மருந்துகளும்தான் ஓபியாய்டு. மார்பின், கோடீன், டிராமடால், ஆக்சிகோடோன், ஃபென்டனில், பெதிடின், டேபென்டடால் எல்லாம் ஓபியாய்டுகள்தான், ஹெராயினும் அதே குடும்பம். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன், ப்யூப்ரெனார்பின் இரண்டும்கூட இதே வகை. பாராசிட்டமால், ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இதில் சேராது.

பலர் கோட்டை விடுவது கலவை மருந்துகளில். பாராசிட்டமாலோடு டிராமடால் சேர்த்த மாத்திரை உண்டு, சில இருமல் மருந்துகளில் கோடீன் உண்டு. பெயரைப் பார்த்தால் தெரியாது, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படித்தால்தான் தெரியும்.

நான் மாத்திரை போட்டா அப்படியே பாலுக்குப் போயிடுமா?

அப்படியே போகாது. மருந்து உங்கள் ரத்தத்தில் கலக்கிறது, அதிலிருந்து ஒரு பங்கு பாலுக்குக் கசிகிறது, அதைக் குழந்தை குடித்து அதன் குடலும் ஈரலும் தாண்டியபிறகுதான் அதன் ரத்தத்துக்குப் போகிறது. மார்பினை வாய்வழியாகச் சாப்பிட்டால் பெரியவர்களுக்கே ஏறத்தாழ கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். ப்யூப்ரெனார்பினை விழுங்கினால் அதைவிடக் குறைவு, அதனால்தான் அதை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள்.

தாய் அவருடைய எடைக்கு எடுக்கும் அளவில் எத்தனை சதவீதம் குழந்தைக்கு அதன் எடைக்குப் போய்ச் சேருகிறது என்று ஒரு கணக்கு போடுவார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலான மருந்துகளுக்குப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மெத்தடோன் பெரும்பாலும் 1 முதல் 6 சதவீதத்துக்குள் நிற்கும், டிராமடால் 3 சதவீதத்தை ஒட்டி. ஆனால் இந்த 10 என்ற கோடு பொதுவான ஒரு கோடுதான். மூச்சை மந்தப்படுத்தும் மருந்துக்கும், பிறந்து ஐந்து நாளான குழந்தைக்கும் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

அவ்வளவு கம்மியாதான் போகுதுன்னா எதுக்கு பயம்?

வந்ததைக் குழந்தையால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது என்பதுதான் சிக்கல். மார்பினை உடைக்கிற ஈரல் நொதிகள் பிறந்த குழந்தையிடம் அரைகுறையாகத்தான் இருக்கும், சிறுநீரகமும் முழு வேகத்தில் இயங்காது. பெரியவர்களின் ரத்தத்தில் மார்பின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும், குறைமாதக் குழந்தைக்கு 9 மணி நேரம்கூட ஆகலாம். நீங்களோ ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறீர்கள், குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கிறது, முதல் தவணை வெளியேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் முதல் நாள் நன்றாக இருந்த குழந்தை நாலாம் நாள் மந்தமாகலாம்.

இதோடு மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதி இந்த மருந்துகளுக்கு ரொம்பவே கூருணர்வு உடையது. ஆக உடனடி ஆபத்து அறிவு வளர்ச்சியில் இல்லை, மூச்சில் இருக்கிறது. எல்லோரும் "பிற்காலத்தில் படிப்பு வருமா" என்று கேட்கிறார்கள், "இன்னைக்கு ராத்திரி மூச்சு சரியா இருக்கா" என்று கேட்பவர் குறைவு.

சிசேரியன் முடிஞ்சு வலி தாங்கல. ஊசி போட்டாங்க, மாத்திரையும் குடுத்தாங்க. பால் குடுக்கலாமா?

பெரும்பாலும் கொடுக்கலாம். முதல் ஓரிரு நாளில் வருவது சீம்பால், அதன் அளவே கொஞ்சம், அதில் போகும் மருந்தும் கொஞ்சம். முதுகுத்தண்டு வழியாகக் கொடுத்த மருந்துக்காகவும் பாலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கவனம் கூட வேண்டியது மூன்றாவது, நாலாவது நாளுக்கு அப்புறம், பால் நன்றாகச் சுரக்க ஆரம்பித்த பிறகும் ஓபியாய்டு தொடர்ந்தால். பாராசிட்டமாலும் ஐப்யூப்ரோஃபெனும் நேரம் தவறாமல் எடுத்து, அதற்கும் அடங்காத வலிக்கு மட்டும் குறைந்த அளவில், சில நாளைக்கு மட்டும் ஓபியாய்டு என்பதுதான் இப்போது பரவலாகச் சொல்லப்படும் வழி. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது தியாகம் இல்லை, வலியில் துடிக்கிற தாயால் குழந்தையைச் சரியாகப் பிடித்துப் பால் கொடுக்கவும் முடியாது.

பயந்தவர்களுக்காக ஒரு கணக்கு. கனடாவின் ஒன்டாரியோவில், பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் ஓபியாய்டு எழுதித் தரப்பட்ட 85,000-க்கும் மேற்பட்ட தாய்மாரை, அதே போன்ற ஆனால் ஓபியாய்டு வாங்காத தாய்மாரோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. 30 நாளுக்குள் குழந்தை மறுபடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது இரண்டு பக்கமும் 3.5 சதவீதம்தான். குறுகிய காலத்துக்கு இது நல்ல ஆறுதல். ஆனால் இது மருத்துவமனைச் சேர்க்கைக் கணக்கு, மூளை வளர்ச்சியை அளந்த ஆய்வு இல்லை.

கோடீனும் டிராமடாலும் மட்டும் ஏன் கூடவே கூடாதுங்கிறாங்க? மார்பின் அதைவிட ஸ்ட்ராங் இல்லையா?

கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். கோடீன் தன்னளவில் வலுவில்லாத மருந்து, ஈரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை மார்பினாக மாற்றுகிறது. டிராமடாலையும் இதே நொதிதான் வலுவான வேறொரு வடிவமாக மாற்றுகிறது. இந்த நொதி ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அது அதிவேகமாக இயங்கும், அவர்கள் சாதாரண அளவு கோடீன் எடுத்தாலும் ரத்தத்திலும் பாலிலும் எதிர்பார்த்ததைவிட அதிக மார்பின் சேரும். சில மக்கள்தொகைகளில் இப்படிப்பட்டவர்கள் 100-ல் ஓரிருவர்தான், வேறு சிலவற்றில் கால்வாசிக்கு மேல். நீங்கள் எந்த ரகம் என்று பார்த்தால் தெரியாது. மார்பினில் இந்தச் சூதாட்டம் இல்லை, கொடுத்த அளவு என்னவோ அதுதான்.

டொராண்டோவில் 13 நாள் குழந்தை ஒன்று இறந்ததற்கு, தாய் எடுத்த கோடீன் பால் வழியாகப் போனதே காரணம் என்று 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அறிக்கைதான் உலகம் முழுக்க இந்த எச்சரிக்கைகளைத் தொடங்கி வைத்தது. பால் வழியாக மட்டும் அவ்வளவு மார்பின் சேர முடியுமா என்று பின்னாளில் மருந்தியல் நிபுணர்கள் அந்த முடிவையே கேள்வி கேட்டார்கள். ஆனாலும் விதிமுறை நிற்கிறது: அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 ஏப்ரலில், கோடீனோ டிராமடாலோ எடுக்கும்போது தாய்ப்பால் கொடுப்பது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ஓரிரு மாத்திரை போட்டுவிட்டவர்கள் அலற வேண்டாம், அடுத்த கேள்வியில் உள்ள அறிகுறிகளைக் கவனியுங்கள், வேறு மருந்து கேளுங்கள்.

இன்னும் இரண்டு பெயர்கள். பெதிடின் உடைந்து உருவாகும் பொருள் பிறந்த குழந்தையின் உடலில் நாள்கணக்கில் தங்கும், அதனால் அதைத் திரும்பத் திரும்பப் போடுவதைத் தவிர்ப்பார்கள். ஆக்சிகோடோனிலும் எச்சரிக்கை தேவை. தாய்மார் சொன்னதை வைத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஆக்சிகோடோன் எடுத்தவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ 20 சதவீதமும் கோடீன் எடுத்தவர்களின் குழந்தைகளில் 17 சதவீதமும் மந்தமாக இருந்தன, பாராசிட்டமால் மட்டும் எடுத்தவர்களின் குழந்தைகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

பாப்பா தூங்கிக்கிட்டே இருக்கு. மருந்தாலயா, இல்ல பாப்பான்னா அப்படித்தானா?

பிறந்த குழந்தை நாளில் பெரும்பகுதி தூங்கும், அது சரி. வித்தியாசம் தெரிவது எழுப்பும்போது. சாதாரணக் குழந்தையின் உடுப்பைத் தளர்த்தி, உள்ளங்காலை வருடி, மார்பில் வைத்தால் முகம் சுளித்து, தலையைத் திருப்பித் தேடி, வாய் அகலத் திறந்து பிடிக்கும், தாடை ஒழுங்காக அசையும், விழுங்கும் சத்தம் கேட்கும். மருந்தில் மந்தமான குழந்தை வாயில் வைத்ததும் இரண்டு இழு இழுத்துவிட்டு விட்டுவிடும், கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும், மறுபடி எழுப்பினாலும் கண் திறக்காது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே தூக்கம், வழக்கத்தைவிடக் குறைவாக நனையும் துணி, திடீர் மலச்சிக்கல் இதெல்லாமும் சேர்ந்தால் சந்தேகம் உறுதி.

மூச்சை எண்ண வயிற்றுப் பக்கத்துத் துணியை விலக்கிவிட்டு முழுசாக ஒரு நிமிடம் பாருங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், சின்னக் குழந்தைகளின் மூச்சு வேகமாகப் போய், சில நொடி நின்று, மறுபடி தொடங்கும், அதனால் கணக்கு தப்பும். தூங்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. 30-க்கும் கீழே போனாலோ, இடைவெளிகள் நீண்டாலோ, உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலோ, எழுப்பவே முடியாவிட்டாலோ, இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களிடம் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து இருக்கிறது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்க்கே தலை சுற்றி, கண் சொருகினால் குழந்தைக்கும் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. அந்த நிலையில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தபடியே தூங்கிவிடுவது மருந்தைவிடப் பெரிய ஆபத்து. வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கட்டும்.

சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க: மூளைக்கு என்ன ஆகும்?

பிறந்த முதல் வருடத்தில் மூளையின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நரம்பு செல்களுக்கிடையே இணைப்புகள் ஏராளமாக முளைக்கின்றன, நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை ஏறுகிறது. இந்த வேலைகளை ஒழுங்குபடுத்துவதில் உடலே சுரக்கும் எண்டார்பின் போன்ற ஓபியாய்டுகளுக்கும் பங்கு உண்டு. தாய்ப்பாலிலேயே, குறிப்பாகச் சீம்பாலில், பீட்டா எண்டார்பின் இருக்கிறது. ஆக ஓபியாய்டு ஏற்பிகள், அதாவது இந்தப் பொருள்கள் வந்து ஒட்டும் இடங்கள், மூளையில் வலிக்காக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. வெளியிலிருந்து வலுவான ஒன்று வந்து அதே ஏற்பிகளில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஒட்டினால் வளர்ச்சியின் நேரக்கணக்கு பிசகலாம் என்று விஞ்ஞானிகள் சந்தேகிப்பதற்குக் காரணம் அதுதான்.

விலங்குகளில் இதற்கு ஆதாரம் உண்டு. மார்பின் கொடுக்கப்பட்ட எலிகளில் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பு முள்கள் (நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணையும் சின்னப் புடைப்புகள்) குறைந்திருந்தன. மையலினை உருவாக்கும் செல்களிலும் ஓபியாய்டு ஏற்பிகள் உண்டு, சினையாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் தாய் எலிக்கு ப்யூப்ரெனார்பின் கொடுத்தபோது குட்டிகளின் மூளையில் மையலின் உருவாகும் நேரமே மாறியது. வலி, வெகுமதி, மன அழுத்தம் இவற்றைக் கையாளும் சுற்றுகளிலும் மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் தூக்கம் கெட வேண்டாம், அடுத்த பதிலையும் படியுங்கள்.

எலிக்கு ஆனது நம்ம குழந்தைக்கும் ஆகும்தானே?

நேராக அப்படிச் சொல்ல முடியாது, மூன்று காரணம். முதலாவது காலக்கணக்கு. எலிக்குட்டி ரொம்பவே முற்றாத மூளையோடு பிறக்கிறது, பிறந்து 7 முதல் 10 நாள் ஆன எலிக்குட்டியின் மூளைதான் நிறைமாதத்தில் பிறக்கும் மனிதக் குழந்தையின் மூளைக்கு ஏறத்தாழ சமம். அதாவது எலியில் "பாலூட்டும் முதல் வாரம்" என்று எழுதியிருந்தால், மூளைக் கணக்கில் அது மனிதரின் கர்ப்பகாலக் கடைசி மாதங்கள். தலைப்புச் செய்தி எழுதுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில்தான் எரிச்சல். இரண்டாவது அளவு: பல சோதனைகளில் குட்டிக்கே நேராக ஊசி போடுகிறார்கள், அது பால் வழியாகக் கசிவதைப் போல ஆகாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்பின் ஏறிய தாய் எலி குட்டிகளை நக்குவது, கூட்டுக்கு இழுத்து வருவது, அணைத்துக்கொள்வது எல்லாம் குறைந்துவிடும். இந்தப் பராமரிப்பு குறைந்தாலே, மருந்து ஒரு துளி போகாவிட்டாலும், குட்டியின் மூளையில் மன அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு மாறும் என்பது வேறு சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். ஆகவே ஒரு எலி ஆய்வில் குட்டி பாதிக்கப்பட்டால், பாலில் வந்த மருந்தாலா, மந்தமான தாயாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து எடுக்காத தாயிடம் குட்டியை வளர்க்கக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அதற்காகத்தான்.

மனுஷக் குழந்தைகள்ல யாரும் பார்க்கலையா?

பார்த்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் கர்ப்பத்தில் ஓபியாய்டு பட்ட குழந்தைகளை. தொப்புள்கொடி வழியாக வருவது பாலில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் குழந்தைகளில் சராசரியாகச் சில தேர்வு மதிப்பெண்கள் குறைவாகவும், ஸ்கேனில் சில மூளைப் பகுதிகள் சற்றுச் சிறியதாகவும் வந்த ஆய்வுகள் உண்டு. அதே வீடுகளில் புகை, மது, வறுமை, தாயின் மன அழுத்தம், வளர்ப்பு மாற்றங்கள் எல்லாம் பின்னிக் கிடக்கும், எதனால் எது என்று பிரிப்பது பெரும்பாடு. இன்னொரு பக்கம், கர்ப்பிணிகளுக்கு மெத்தடோனும் ப்யூப்ரெனார்பினும் கொடுத்து ஒப்பிட்டு 2010-ல் முடிவு வெளியான சோதனையில் பிறந்த குழந்தைகளை 36 மாதம் வரை தொடர்ந்தபோது, அவர்களின் வளர்ச்சி இயல்பான பாதையிலேயே போனது.

பால் வழியாக மட்டும் மருந்து பட்டு வளர்ந்த குழந்தைகளைப் பள்ளி வயது வரை பின்தொடர்ந்த நல்ல ஆய்வுகள் மிகக் குறைவு. அதனால் "ஒன்றுமே ஆகாது" என்று அடித்துச் சொல்பவரையும் "மூளை கெட்டுவிடும்" என்று மிரட்டுபவரையும் ஒரே தூரத்தில் வையுங்கள்.

நான் மெத்தடோன் சிகிச்சையில இருக்கேன். பால் குடுத்தா குழந்தையும் அடிமையாயிடும்னு வீட்ல சொல்றாங்க.

வீட்டில் சொல்வது தவறு. சிகிச்சையில் நிலையாக இருக்கும் தாய் பால் கொடுக்கலாம் என்பது மட்டுமில்லை, கொடுப்பது நல்லது. கர்ப்பத்திலேயே மருந்துக்குப் பழகிய குழந்தைக்குப் பிறந்த பிறகு விலகல் அறிகுறிகள் வரும்: கீச்சென்ற ஓயாத அழுகை, நடுக்கம், தும்மல், பேதி, சரியாகக் குடிக்காமை. ஹெராயின் என்றால் ஒரு நாளுக்குள், மெத்தடோன், ப்யூப்ரெனார்பின் என்றால் இரண்டு மூன்று நாளில், சிலசமயம் அதற்கும் பிந்தி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இது மிதமாகவே இருக்கிறது, மருந்து தேவைப்படுவதும் மருத்துவமனை வாசமும் குறைகிறது. பாலில் வரும் மருந்து இதற்குக் காரணம் என்று நினைப்பார்கள், அந்த அளவு மிகக் கொஞ்சம். பாலும், அணைப்பும், தோலோடு தோல் ஒட்டிய சூடும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

முன்பு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தாய் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் மெத்தடோன் எடுத்தால் பால் வேண்டாம் என்றது, 2001-ல் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. குழந்தையை நன்றாகக் குடிக்க வைத்து, தூங்க வைத்து, தேற்றுவதை முதல் சிகிச்சையாக வைத்து 26 அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான சோதனையில், குழந்தைகள் வீட்டுக்குப் போகத் தயாராக 8.2 நாள்தான் ஆனது, பழைய முறையில் 14.9 நாள். நாலாக்ஸோன் (ஓபியாய்டை முறிக்கும் மருந்து) கலந்த ப்யூப்ரெனார்பின் என்றாலும் இதே பதில்தான், நாலாக்ஸோன் வாய்வழியாகக் கிட்டத்தட்ட உறிஞ்சப்படுவதே இல்லை.

ஹெராயின் எப்பவாவது எடுக்கிறவங்க? அவங்களும் குடுக்கலாமா?

எடுத்துக்கொண்டிருக்கும் வரை வேண்டாம். அதில் எவ்வளவு இருக்கிறது, வேறு எது கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மேலே சொன்ன கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது. தூக்க மாத்திரை, மது இவற்றோடு ஓபியாய்டு சேர்ந்தாலும் மூச்சுக்கு ஆபத்து பல மடங்கு. ஆனால் இது நிரந்தரத் தடை இல்லை. சிகிச்சைக்கு வந்து நிலைப்பட்டால் மறுபடி பேசலாம், அதுவரை பாலைக் கறந்து சுரப்பைக் காப்பாற்றி வைக்கலாம். ஒரே ஒரு தடவை தவறியதைச் சொல்லப் பயந்து மறைப்பவர்கள் அதிகம், அந்த மறைப்புதான் குழந்தைக்குக் கெடுதல்.

மாத்திரை போட்டுட்டு பாலைக் கறந்து கொட்டிட்டா போதும்ல?

கொட்டுவதால் மருந்து சீக்கிரம் வெளியேறாது. ரத்தத்தில் மருந்து இருக்கும் வரை புதிதாகச் சுரக்கும் பாலிலும் இருக்கும், ரத்தத்தில் குறையும்போது பாலிலும் தானே குறையும். பால் கட்டி வலித்தால், அல்லது சுரப்பு குறையாமல் இருக்கக் கறக்கலாம், அவ்வளவுதான் அதன் பயன். பால் கொடுத்த உடனே மாத்திரை போடுவது சில மருந்துகளுக்குக் கொஞ்சம் உதவும், மெத்தடோன் போல நீண்ட நேரம் நிற்கும் மருந்துக்கு அதுவும் பெரிதாக உதவாது.

பயமா இருக்கு, இன்னைக்கே மருந்தையும் பாலையும் நிறுத்திடட்டா?

இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். சிகிச்சை மருந்தைத் திடீரென விட்டால் பழைய பழக்கம் திரும்பும், அதிக அளவாகி உயிர் போகும் ஆபத்தும் உண்டு, பிரசவத்துக்குப் பிந்திய மாதங்கள் இதற்கு மோசமான காலம். பாலைத் திடீரென நிறுத்தினால், மாதக்கணக்கில் அந்தச் சின்ன அளவுக்குப் பழகிய குழந்தைகளில் சிலருக்கு விலகல் அறிகுறிகள் வந்ததாகப் பதிவுகள் உண்டு, அதனால் இரண்டு மூன்று வாரம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. வலிக்காகச் சில நாள் மாத்திரை போட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தெரியாம ஒரு மாசம் டிராமடால் போட்டுக்கிட்டே பால் குடுத்துட்டேன். கெட்டது ஆயிருக்குமா?

இந்த ஒரு மாதத்தில் குழந்தை நன்றாக விழித்து, குடித்து, எடை கூடியிருந்தால், பெரிய அளவு மருந்து அதன் உடலில் சேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறுங்கள். ஒரு மாதம் தொடர்ந்து எடுத்திருந்தால் உங்கள் உடலும் பழகியிருக்கும், குறைக்கும் வேகத்தையும் அவரிடமே கேளுங்கள். குழந்தையின் எடை, தலைச் சுற்றளவு இரண்டையும் அட்டையில் தொடர்ந்து குறிக்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் முகம் பார்த்துச் சிரிப்பது, பிறகு தலை நிற்பது, குப்புறக் கவிழ்வது, குரல் கேட்ட பக்கம் திரும்புவது இவை வரும் நேரத்தைக் கவனியுங்கள். ஏதாவது தள்ளிப்போனால், அது மருந்தாலா வேறு காரணமா என்று தேடிக் குழம்பாமல், வளர்ச்சிப் பரிசோதனைக்கு முன்கூட்டியே கூட்டிப்போங்கள். காரணம் எதுவானாலும் ஆரம்பப் பயிற்சி ஒன்றுதான், சீக்கிரம் தொடங்கினால் பலனும் அதிகம்.